மூன்றாம் ஓலை

எனக்கு நிச்சயமானவன் எனக்குத் தந்த பரிசு ஓர் இங்கிலீஷ் அகராதி. ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் அவன் குமாஸ்தா. சீமைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவன் என்பதால் கால் தரையில் பாவாது. "என் பெஞ்சாதிக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கணும்" என்று என் அப்பாவிடம் சொல்லி, மோதிரம் மாற்றிய அன்றே அதை என் கையில் கொடுத்தான். அப்பா சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறப்போடுகிறவர். நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகிக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதத்தில் அவர்களுக்கு வேலூரில் ஒரு ஹெட்மாஸ்டர் மகள் கிடைத்தாள். எங்களை விட்டுவிட்டார்கள். அதோடு போயிருந்தால் நாலு நாள் அழுது தீர்த்திருப்பேன். ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் அம்மா ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். "பொண்ணுக்கு நெஞ்சுச் சீக்கு. ஓயாம இருமுதாம். பாவம், யார் கிட்டயும் சொல்லாதீங்க." யாரிடமும் சொல்லாதே என்றால் போதாதா? ஒரே வாரத்தில் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

பேச்சு ஆஸ்பத்திரிக்கும் வந்தது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் குழாய் வைத்துப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார், நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியும் கொடுத்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "பேச்சு நிற்கலேன்னா உன் கையால யாரும் மருந்து வாங்க மாட்டாங்க. அப்புறம் நான் உன்னை வெச்சுக்க முடியாது." காகிதத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டா ஊரில் நடக்க முடியும்? அவனுக்கு எல்லாம் தெரியும். அம்மா சொல்வது பொய் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு திரிந்தான். அம்மாவை விட அவன்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பாதிரியார் சபைக்குச் சொல்வது அது. தன் ஓலையை இங்கிலீஷில் வாசிக்கச் சொல்லி, எங்கள் பாதிரியாரான வெள்ளைக்காரத் துரையிடம் அவன் கேட்டுக்கொண்டான். கௌரவமாம். முதல் ஞாயிறு துரை வாசித்தபோது ஒரு சொல் எனக்குப் புரியவில்லை. இம்பெடிமென்ட். வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். தடை, இடையூறு என்று போட்டிருந்தது. தமிழ் ஜெபப் புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். தடை ஏதாவது தெரிந்தவர் இருந்தால் எழுந்து சொல்ல வேண்டும் என்று அங்கே இருந்தது. அதைத் தமிழில் நூறு கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் உறைத்ததில்லை. தெரியாத சொல்லாக வந்ததால்தான் நின்று பார்த்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவனுக்குத்தான் பொருந்தும்.

பொருள் தெரிந்தது. எப்போது சொல்வது? இரண்டாம் ஞாயிறு நான் எழுந்திருக்கவில்லை. பயந்துவிட்டேன் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். பயம் இல்லை, கணக்கு. மூன்றாம் ஓலை முடிந்து செவ்வாய்க்கிழமை கல்யாணம். புதன்கிழமை லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் உபவாச காலம், தொடங்குகிறது. லெந்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது, ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க வேண்டும். இரண்டாம் ஞாயிறே சொன்னால் விசாரித்து முடித்துச் செவ்வாய்க்குள் தாலி கட்டிவிடுவார்கள்.

மூன்றாம் ஞாயிறு துரை அந்த இடத்துக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். "சார், ஐ நோ ஆன் இம்பெடிமென்ட்." வாரம் முழுக்கப் பழகிய வாக்கியம். கோயிலே திரும்பிப் பார்த்தது. பாதிப் பேருக்கு நான் என்ன சொன்னேன் என்று புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. அவன் முகம் சுண்ணாம்பில் போட்ட தோல் மாதிரி வெளுத்தது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

வேலூரிலிருந்து பெண்ணின் அப்பாவை வரவழைத்துச் சனிக்கிழமை விசாரிப்பதாகத் துரை சொல்லிவிட்டுக் கிராமங்களுக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை சும்மா போனது. பிரியாணிக்கு வாங்கிக் கட்டிய ஆடுகள் அவன் வீட்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை, அவன் எனக்கு மோதிரம் மாற்றியிருந்ததுதான் தடை என்றேன். துரை தெளிவாகச் சொன்னார். "வாக்குத் தவறினது பாவம். ஆனால் அது கல்யாணத்துக்குத் தடை ஆகாது, அம்மா."

"சரிங்க அய்யா. ஏன் தவறினாங்கன்னு மட்டும் கேளுங்க."

அவன் அம்மா சீக்குக் கதையை ஆரம்பித்தாள். நான் டாக்டரம்மா எழுதிய காகிதத்தை எடுத்து அவனிடம் நீட்டினேன். "இங்கிலீஷ் உங்களுக்குத்தானே ஜாஸ்தி தெரியும். படிங்க. அப்புறம் தமிழ்ல சொல்லுங்க, எல்லாருக்கும் புரியட்டும்."

படித்தான். சீமைக்குக் கடிதம் எழுதுகிறவன் நாலு வரிக்குள் மூன்று தடவை தடுமாறினான். "நெஞ்சுல ஒண்ணும் இல்லை" என்று காகிதத்தைப் பார்த்தே தமிழில் சொன்னான்.

ஹெட்மாஸ்டர் அந்தக் காகிதத்தை வாங்கித் தானும் படித்தார். அவன் பக்கம் திரும்பினார். "இல்லாத சீக்கை இருக்குன்னு சொன்னவங்க, இருக்கிற சீக்கை இல்லைன்னும் சொல்லுவாங்களே. நீங்களும் அதே டாக்டரம்மா கிட்ட நெஞ்சைக் காட்டிட்டு வாங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் எங்கள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றான். சீட்டுப் பார்த்து உள்ளே அனுப்புகிற வேலை அன்று எனக்கு. கிட்டே வந்து மெல்லக் கேட்டான். "கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிடும்மா. மண்டியில தேடுவாங்க."

"சட்டையைக் கழட்டிட்டு வரிசையில நில்லுங்க" என்றேன். சிரங்குக்காரன், சீழ்க்காதுக்காரன் எல்லோரும் போன பிறகுதான் அனுப்பினேன். அவன் மண்டி ஆட்கள் இரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். "இன்னா குமாஸ்தா, உனக்கும் நெஞ்சா?" என்று ஒருவன் சத்தமாகவே கேட்டான். டாக்டரம்மா பார்த்துவிட்டு நெஞ்சு சுத்தம் என்று எழுதினார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

எனக்கு ஒரு நோயும் இல்லை என்று துரை சபையில் தமிழிலேயே அறிவித்தார். என் வேலை நிலைத்தது. ஈஸ்டர் முடிந்து அவன் அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டான். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

அவனை மன்னித்தாயா என்று இன்றும் சில பேர் கேட்கிறார்கள். இல்லை. அந்த நாற்பது நாளும் துரை மன்னிப்பைப் பற்றித்தான் பிரசங்கம் செய்தார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து, ஆண்கள் பக்கத்தில் தலை குனிந்திருந்த அவனைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். உபவாசம் இருந்த நாளில்கூடப் பசி தெரியவில்லை. என் ஆயுசில் முழு மனசோடு நான் அனுசரித்த லெந்து அது ஒன்றுதான்.