அத்தை திருப்பிக் கட்டிய மாலை

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, காதில் இயர்போன் இல்லாமல் வெங்காயம் நறுக்கியதே கிடையாது. எந்நேரமும் பாட்டு என்று அம்மாவுக்கு எரிச்சல். ஒரு பக்கத்தைப் பிடுங்கி என் காதில் வைத்துக்கொண்டதால் எனக்கு மட்டும் விஷயம் தெரியும். உள்ளே பேசுவது அத்தையேதான். சட்டப் பாடங்களைத் தன் குரலில் படித்துப் போனில் பதிந்து, சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போக வரக் கேட்பாள். பகல் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை, மிச்ச நேரமெல்லாம் அடிப்படை உரிமைகள். ஒருத்தி தனக்குத்தானே டீச்சராக இருக்க முடியும் என்பது மூன்றாம் வகுப்புக்காரியான எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் அத்தை ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தாள். இன்னொரு தடவை எழுது, அதிலும் கிடைக்கவில்லையென்றால் நாங்கள் காட்டுகிறவனுக்குக் கழுத்தை நீட்டு என்று அப்பா சொல்லியிருந்தார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று அம்மா எங்களைத் திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குக் கிளப்பினாள். கல்யாணமாகாதவர்கள் அங்கே மாலை வாங்கிச் சாத்துவார்கள். அர்ச்சகர் திருப்பித் தரும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை சுற்ற வேண்டும். பிறகு அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணமானதும் ஜோடியாக வந்து கோயில் மரத்தில் திருப்பிக் கட்ட வேண்டும்.

அத்தை கண்ணைத் தாழ்த்தி, உதடு அசைய அசையச் சுற்றினாள். என்ன பக்தி என்று அம்மா பூரித்துப்போனாள். பின்னாலேயே நடந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை முணுமுணுத்தது ஸ்லோகம் இல்லை, அரசியல் சட்டம். பெருமாள் கண்ணைக் குத்தப் போகிறார் என்று பயம் ஒரு பக்கம், சாமி முன்னாலேயே படிக்கிறாளே என்ற பிரமிப்பு ஒரு பக்கம். ஆனாலும் இயர்போனில் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகியிருந்ததால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அத்த, இருபதாவது பிரிவ வுட்டுட்ட."

"அட, ஆமா. ஒரே தப்புக்கு ரெண்டு வாட்டி தண்டன கெடையாது," என்று சொல்லிச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நடந்தாள்.

கோயில் மாலை, பூஜை அலமாரி பக்கத்து ஆணியில் காய்ந்துகொண்டிருந்தது. அத்தை தேர்வு எழுதினாள். இந்த முறை இடம் கிடைத்தது. நான் வீடு முழுக்கக் குதித்தேன். அப்பாவும் சந்தோஷமாகத்தான் இருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியபடி, சாதாரணமாகச் சொன்னார்.

"கல்யாணத்த முடிச்சிக்கினு படியேன். பையன் வூட்ல பேசிகினு கீறோம்."

 மறுநாள் காலை அத்தை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, காய்ந்த மாலையைப் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா பழைய மாலையைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை எங்கே, வண்டி நிறுத்தப் போயிருக்கிறாரா என்று கேட்டாள். படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்றாள் அத்தை. அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். கல்யாணமாகாமல் கட்டினால் சாமி கோபித்துக்கொள்ளாதா என்று கேட்டேன்.

"நான் கேட்டத அவரு குடுத்துட்டாரு. இன்னும் வச்சிகினு இருந்தாத்தான் தப்பு."

கோயில் மரத்தில் எட்டிய மட்டும் உயரமாகக் கட்டினாள். உலகத்தில் எதற்குமே பயப்படாத ஒரே ஆள் என் அத்தைதான் என்று அப்போது முடிவு கட்டினேன்.

வீட்டில் காலி ஆணியைப் பார்த்து அம்மா அழுதாள்.  பெருமாளிடமே கணக்குத் தீர்த்துவிட்டு வந்தவளிடம் என்ன வாதாடுவது? அப்பா வாசலுக்குப் போய், இப்போதைக்கு வேண்டாம் என்று பையன் வீட்டுக்குப் போன் செய்தார்.

இன்று அத்தை செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல். போன வாரம் அவள் வாதாடுவதைப் பார்க்கப் போயிருந்தேன். எழுந்து பேசத் தொடங்குமுன், யாருக்கும் தெரியாமல் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. திருவிடந்தையிலிருந்து திரும்பிய பஸ்ஸில் வீடு வரும்வரை என் கையை அப்படித்தான் பிடித்திருந்தாள். வலித்தது. நான் விழுந்துவிடக் கூடாதே என்று பிடித்திருக்கிறாள் என நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.