பனிக்கு விட்ட இடம், வெள்ளத்துக்கு விடாத இடம்

முதல் நாள், பிற்பகல் நாலு மணி பத்து நிமிடம்.

கொழும்பிலிருந்து, இடையில் ஒரு விமான மாற்றத்தோடு, இருபத்து மூன்று மணி நேரப் பயணம். ரொறன்ரோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என் கையிலிருந்த நீளமான பிளாஸ்டிக் குழாயைக் காட்டி உள்ளே என்ன என்று கேட்டார். வரைபடம் என்றேன். எதன் வரைபடம்? ஒரு வாய்க்காலின் வரைபடம். அந்த வாய்க்கால் எங்கே இருக்கிறது? "இப்போது இல்லை, அதனால்தான் வந்திருக்கிறேன்" என்றேன். அவர் என்னை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார். பொய் சொல்லியிருந்தால் இன்னும் விரைவாக விட்டிருப்பாரோ என்னவோ.

நான் வட இலங்கையில் ஒரு பிரதேச சபையில் திட்டமிடல் உத்தியோகத்தர். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அங்குள்ள மதில்களின் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இதை ரொறன்ரோவில் இருந்து வாசிப்பார்கள். யுத்தத்தில் எங்கள் சபைக் கட்டடத்தோடு பழைய வரைபடங்களும் எரிந்து போயின. யுத்தம் முடிந்ததும் ஊர் மீண்டும் எழும்பியது, வரைபடம் இல்லாமலே. சந்தைக்குப் பின்னால் ஓடிக் கடலேரியில் விழுந்த பழைய வெள்ள வாய்க்கால் இடிபாட்டுக் கற்களால் மூடுண்டு கிடந்தது. பிறகு அதன் குறுக்கே ஒரு மதில் வந்தது.

மதிலுக்கு இந்தப் பக்கத்தில் பதினாலு குடும்பங்கள் இருக்கின்றன. எல்லோரும் மீள்குடியேறியவர்கள். இருப்பது அரச காணி, கையில் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. ஒவ்வொரு கார்த்திகையும் வெள்ளம் மதிலில் முட்டித் திரும்பி அவர்களுடைய வீடுகளுக்குள் போகிறது. போன மாரியில் செல்வராணி என்ற பெண் ஒன்பது நாள் மேசைக்கு மேலே அடுப்பை வைத்துச் சமைத்தார். இப்போது வாய்க்கால் வெட்டப் பணம் வந்திருக்கிறது. பணம் தரும் நிறுவனத்தின் பொறியியலாளருக்கு இரண்டு வழிகள்தான். ஒன்று, மதிலைத் திறந்து பழைய பாதையில் வெட்டுவது. மற்றது, பதினாலு குடும்பத்தையும் அங்கிருந்து எழுப்பிவிட்டு அந்த வழியே புதிதாக வெட்டுவது. உறுதி இல்லாதவர்கள் வழக்குப் போட மாட்டார்கள் என்பதால் அவருக்கு இரண்டாவதுதான் வசதி. ஐப்பசி பிறக்குமுன் மதில்காரரின் சம்மதக் கடிதம் வராவிட்டால் வீடுகள் போகும். சபை மதில்காரர் மேல் வழக்குப் போட்டால் வெல்லும்தான். ஆனால் வெல்லும்போது நான் ஓய்வூதியம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

மதில்காரர் ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் இருக்கிறார். எனக்கோ ரொறன்ரோவில், உள்ளூராட்சி உத்தியோகத்தர்களுக்கான பதினைந்து நாள் பயிற்சி ஒன்று கிடைத்தது. பயிற்சிக்கு வந்தேன் என்பது உண்மை. மதிலுக்கு வந்தேன் என்பது அதைவிட உண்மை.

இரண்டாம் நாள், காலை ஏழு மணி.

ரொறன்ரோவின் ஒரு பகுதியான அஜின்கோர்ட்டில், சித்தப்பாவின் மகள் சுகந்தி வீட்டில் தங்கினேன். தெரு முனையில் பஸ். கட்டணம் மூன்று டொலர் முப்பது சதம், அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை பஸ்ஸும் மாறி ஏறலாம். ஓட்டுநர் தமிழர். நான் தொலைபேசியில் கதைத்ததைக் கேட்டுவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"ஊரிலை இருந்தோ, அக்கா? எப்பிடி இருக்கு ரொறன்ரோ?"

"நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனா இவ்வளவு நிலத்தை ஏன் சும்மா விட்டு வைச்சிருக்கிறாங்கள்?"

நடைபாதைக்கும் தெருவுக்கும் இடையில் புல் மட்டும் வளர்ந்து கிடந்த அந்த நீளத் துண்டைத்தான் கேட்டேன். காலடியால் அளந்தும் பார்த்திருந்தேன், ஓரிடத்தில் பன்னிரண்டு அடி. மரமில்லை, கடையில்லை, உட்கார ஒரு வாங்கு கூட இல்லை.

"மிச்சத்தை விண்டரிலை வந்து பாருங்கோ, அக்கா" என்றார் அவர், கண்ணாடியில் சிரித்துக்கொண்டு. உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். குறிப்புப் புத்தகத்தில், "பன்னிரண்டு அடி வீண் நிலம். பரப்புக் கணக்கில் யோசித்தால் வயிறு எரிகிறது" என்று எழுதினேன். இரண்டு பரப்புக் காணிக்காக அண்ணன் தம்பி முகம் பார்க்காத ஊரிலிருந்து வந்தவளுக்கு எரியாமல் என்ன செய்யும்?

மூன்றாம் நாள், பிற்பகல் ஐந்தரை.

பயிற்சி முடிந்து திரும்பும்போது, அஜின்கோர்ட்டில் வரிசையாகக் கடைகள் இருந்த ஒரு பிளாசாவின் முன்னால் ஆளைவிட உயரமான அறிவித்தல் பலகை நட்டிருந்தது. அந்த இடத்தில் என்ன கட்டப் போகிறார்கள், எத்தனை மாடி, ஆட்சேபம் இருந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் படத்தோடு போட்டிருந்தது. கைப்பையோடு இரண்டு அன்ரிமார் நின்று வாசித்தார்கள்.

"உந்தப் பிளாசாவை இடிக்கப் போறாங்களாம்."

"அப்ப றோல்ஸ் கடை?"

"அதைத்தான் போன் அடிச்சுக் கேக்கப் போறன்."

எனக்கு ஆசையாக இருந்தது. எங்கள் சபையும் அறிவித்தல் ஒட்டும், சபை வாசலில், சின்ன எழுத்தில். பசை காய்வதற்குள் ஆடு வந்து தின்றுவிடும். பாதிக்கப்படுகிறவர் கண்ணிலே படுகிற இடத்தில் நட வேண்டும் என்பது ஒரு பெரிய தத்துவம் இல்லை. ஆனாலும் அந்தப் பலகையை முன்னாலும் பின்னாலும் நின்று படம் எடுத்தேன். பிறகு அந்த றோல்ஸ் கடையிலேயே ஆட்டிறைச்சி றோல் ஒன்று வாங்கினேன், இரண்டு டொலர். இடிக்க முதல் எல்லோரும் சாப்பிட்டு விடுங்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் மதில்காரர் யோகநாதன் அண்ணையைத் தொலைபேசியில் பிடித்தேன். விசயத்தைச் சொன்னதும் குரல் இறுகியது.

"மதில் விசயம் எண்டால் வர வேண்டாம், தங்கச்சி."

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"சாப்பிட வாறதெண்டால் சனிக்கிழமை வாங்கோ."

ஐந்தாம் நாள், காலை பத்து மணி.

பயிற்சி வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம், ரொறன்ரோவில் கண்டதைப் பற்றிப் பேச வேண்டும். நான் அந்தப் பன்னிரண்டு அடியை எடுத்தேன். சாலையோரத்தில் நிலத்தை வீணாக்குவது பற்றி, எங்கள் ஊரென்றால் அதில் என்னென்ன செய்யலாம் என்பது பற்றி, எண்ணும் கணக்குமாக வெளுத்து வாங்கினேன். பயிற்சி நடத்திய பெண்மணி, இந்த நகரத்தில் பல வருடம் தெருக்களை வரைந்தவர், திரையில் ஒரு படத்தைப் போட்டார். அதே தெரு, தை மாதம். என்னுடைய பன்னிரண்டு அடியைக் காணவில்லை. அந்த இடத்தில் என்னைவிட உயரமாகப் பனி குவிந்து கிடந்தது. தெருவிலிருந்து வழித்த பனியைத் தள்ளுவதற்கு விட்ட இடம் அது. அந்த இடம் இல்லாவிட்டால் பஸ் ஓடாது, அம்புலன்ஸ் ஓடாது.

வகுப்பில் எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். மூக்குடைபட்டது என்றால் அப்படி ஒரு மூக்குடைபடல். ஓட்டுநர் தம்பி சொன்னது உபசாரம் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றரை.

சுகந்தி காரில் கூட்டிக்கொண்டு போனாள். அஜின்கோர்ட்டிலிருந்து விட்பி முப்பத்தைந்து கிலோமீற்றர், நெரிசல் குறைவு, நாற்பது நிமிடம். ஒரே அச்சில் வார்த்த புதுவீடுகள். யோகநாதன் அண்ணைக்கு அறுபத்தாறு வயது இருக்கும், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கை குலுக்காமல் நேரே வீட்டின் பின்புறத்துக்குக் கூட்டிப் போனார். வேலிக்கு அப்பால் நாணல் வளர்ந்த ஒரு குளம், அதில் வாத்துகள்.

"இது மழைத்தண்ணிக்கெண்டு வெட்டின குளம். இவ்வளவு வீட்டுக் கூரைத் தண்ணியும் இதுக்குள்ளைதான் வரும். இதைப் பாத்த வீடெண்டு இருபதினாயிரம் டொலர் கூடக் குடுத்தனான்."

"அப்ப தண்ணிக்கு இடம் விட்டால் காணி விலை கூடும் எண்டுறியள், அண்ணை" என்றாள் சுகந்தி. அவளுக்கு நாக்கில் எலும்பில்லை. நான் அவளுடைய காலை மிதித்தேன்.

புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். சாப்பிடும்போது மதில் பேச்சு வரவில்லை. பால் விடாத பிளேன் ரீ வந்தபோது அவரே தொடங்கினார்.

"தங்கச்சி, நான் வந்த புதுசிலை ரொறன்ரோவிலை, பார்க்டேலிலை ஒரு அறையிலை ஆறு பேர் இருந்தனாங்கள். நித்திரை கொள்ளுறதே முறை வைச்சு. என்ரை எண்டு சாத்த ஒரு கதவு இல்லை. அப்ப நினைச்சனான், ஒரு நாளைக்கு ஊரிலை ஒரு காணி வாங்கி நாலு பக்கமும் மதில் கட்டுவன் எண்டு. அதிலை போய் ஓட்டை போடச் சொல்லுறியள்."

நான் சுமந்து வந்த வாதங்கள் ஒன்றும் அந்த ஆறு பேர் படுத்த அறைக்குப் பதில் இல்லை. இருந்தாலும் வரைபடத்தை விரித்தேன். அவர் காணி உறுதியின் பிரதியைக் கொண்டு வந்தார். தீவுப்பகுதியில் பிறந்தவர், எங்கள் ஊர் வெள்ளம் தெரியாதவர், இந்தக் காணியை யுத்தத்துக்குப் பிறகு வாங்கியவர். உறுதியில் எல்லை தெளிவாக இருந்தது: கிழக்கே வெள்ள வாய்க்கால். மதிலோ அதையும் தாண்டி நின்றது.

"நான் போகேக்கை அங்கை வாய்க்கால் இல்லை. கல்லும் பத்தையும். நிரவிப்போட்டு அங்காலை மதிலைக் கட்டினன். அப்ப நான் கள்ளனோ?"

"இல்லை, அண்ணை" என்றேன். உண்மையாகவே இல்லை. மதில் கட்டியபோது எடுத்த படங்களைக் காட்டச் சொன்னேன். தொலைபேசியில் நூறு படங்கள் இருந்தன. அத்திவாரம், கேற், மதில் மேல் பேரப்பிள்ளைகள். எல்லாவற்றிலும் ஒரே வெயில், ஒரே வெடித்த மண். காணி வாங்கியது ஆவணி, மதில் கட்டியது அடுத்த ஆவணி, பார்க்கப் போனதும் ஆவணி. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான், கோயில் திருவிழாவும் அப்போதுதான். இவர் மட்டுமில்லை, கனடாவிலிருந்து வருகிற எல்லோரும் அப்படித்தான். எங்கள் ஊர் மதில்கள், கேற்றுகள், கிணறுகள் எல்லாம் ஆடி ஆவணியில் தீர்மானிக்கப்பட்டவை. பத்து வருடமாக இந்த மதில்களைத் திட்டிக்கொண்டு திரிந்த எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் வாதாடவில்லை. என்னுடைய பன்னிரண்டு அடிக் கதையைச் சொன்னேன். எண்ணும் கணக்குமாக முழங்கியதை, தை மாதப் படத்தை, எல்லோரும் சிரித்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஸ்னோவுக்கு விட்ட இடத்திலை கடை போடப் பாத்தியளோ!"

"ஓம், அண்ணை. புரட்டாதியிலை வந்தவளுக்கு அதுதான் தெரிஞ்சது. நீங்கள் மாரியிலை ஊருக்கு வந்தனீங்களோ?"

சிரிப்பு நின்றது. "இல்லை" என்றார். செல்வராணியின் வீட்டைப் பற்றி, மேசை மேலிருந்த அடுப்பைப் பற்றிச் சொன்னேன். பதினாலு வீடும் எழும்ப வேண்டி வரும் என்றேன். "ஆர், பால் கொண்டு வாற செல்வராணியோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு வாத்துகளைப் பார்த்தபடி இருந்தார். நாங்கள் புறப்படும்போதும் எழும்பவில்லை. கார் ஹைவேயில் ஏறியபோது, "காரியம் கெட்டுது, அக்கா" என்றாள் சுகந்தி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதன் பிறகு ஆறு நாள் அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வகுப்புக்குப் போனேன், தொடருந்தில் போனேன், ஏரிக்கரை பார்த்தேன். எதுவும் மனதில் ஒட்டவில்லை. பதினாலு வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வது என்று வசனம் தேடிக்கொண்டிருந்தேன்.

பதினைந்தாம் நாள், மாலை ஆறு மணி.

விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் யோகநாதன் அண்ணை நிற்கிறார். விட்பியிலிருந்து தனியே காரோட்டி வந்திருக்கிறார். கையில் ஒரு கடித உறை.

"ஸ்காபரோவிலை ஒரு லோயருக்கு முன்னாலை வைச்சுக் கையெழுத்துப் போட்டனான். கிழக்குப் பக்கம் பன்னிரண்டு அடி. நான் வருமட்டும் பொறுக்க வேண்டாம், முதல் மழைக்கு முன்னம் உடையுங்கோ. கார்த்திகைக்கு ரிக்கற் போட்டிட்டன். தண்ணி போறதை நிண்டு பாக்க வேணும்."

நான் உறையை இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செல்வராணிக்குப் போன் எடுத்தனான், தங்கச்சி. ஒவ்வொரு ஆவணியும் என்ரை கேற்றுக்குப் பால் கொண்டு வந்தவ. ஏன் பிள்ளை ஒரு நாளும் எனக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டன். 'நீங்கள் வரேக்கை நிலம் காய்ஞ்சு கிடக்கும், ஐயா. காய்ஞ்ச நிலத்திலை நிண்டு வெள்ளம் வாறதெண்டு சொன்னால் ஆர் நம்புவினம்?' எண்டா."

அதைச் சொன்னவர் அழுதார். நானும் அழுதேன். சனம் நிறைந்த மண்டபத்தில் இரண்டு பேர் வரைபடக் குழாயைப் பிடித்துக்கொண்டு அழுவதை யாரும் பொருட்படுத்தவில்லை. விமான நிலையம் அதற்குப் பழகிய இடம்.

இரவு விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. எழும்பும்போது தெருக்களின் ஓரமெல்லாம் வெறும் புல்துண்டுகள் விளக்கொளியில் தெரிந்தன. குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். "வீண் நிலம்" என்று எழுதிய பக்கத்தைக் கிழிக்கத்தான் நினைத்தேன். பிறகு கிழிக்கவில்லை. அதன் தலைப்பில், "புரட்டாதியில் மட்டும் பார்த்தது" என்று எழுதி வைத்தேன்.