சி தட்டு வெற்றிலை

1. குப்பை, குப்பை, வித்தாச்சு

அது என் ஆய்வின் ஆறாம் நாள், சனிக்கிழமை காலை. லிட்டில் இந்தியாவில் செல்வி அக்காவின் பூக்கடைக்குள் நுழைந்தேன். நான் வைத்திருந்த மூன்று வெற்றிலைத் தட்டுகளும் காலியாக இருந்தன.

"அக்கா, இலையெல்லாம் எங்க?"

"ஏ குப்பை. பி குப்பை. சி வித்தாச்சு," என்றார், மாலை கட்டும் கையை நிறுத்தாமல். "இதைவிட என்ன ரிசல்ட் வேணும் தம்பி உனக்கு?"

ஆய்வுக்கூட வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ரிசர்ச் அசிஸ்டெண்ட். எங்கள் குழு செய்வது கைட்டோசான் நானோ துகள்கள். கைட்டோசான் என்பது இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள். அதை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, கலக்கியபடியே பாஸ்பேட் உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தெளிந்த நீர் ஒரு கட்டத்தில் லேசாகப் பால் கலந்ததுபோல் மங்கும். துகள்கள் உருவாகிவிட்டன என்று அர்த்தம். துகளுக்கு நேர்மின்சுமை, பாக்டீரியாவின் மேல்தோலுக்கு எதிர்மின்சுமை. போய் ஒட்டிக்கொண்டு தோலைக் கெடுத்துவிடும். பூஞ்சையையும் எளிதில் வளரவிடாது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வெற்றிலை சீக்கிரமே கரும்புள்ளி விட்டு அழுகும். துகள் பூசினால் தாங்குமா என்பதுதான் கேள்வி.

2. நான் சொல்லாமல் விட்டது

"லேப்ல அழுகாம இருக்கிறது பெரிசில்ல, குமரன். கடையில வச்சுப் பாருங்க," என்று எங்கள் பாஸ் டாக்டர் ரேணுகா சொல்லியிருந்தார். முடிவு நன்றாக வந்தால் திட்டம் இன்னும் ஓர் ஆண்டு ஓடும். என் வேலையும் ஓடும்.

ஏ தட்டில் வெறும் தண்ணீர் தெளித்த இலை. பி தட்டில் துகள் இல்லாத அமிலம். சி தட்டில் துகள். தினமும் பார்த்துக் குறிக்கும் செல்வி அக்காவுக்கு எது எது என்று தெரியக்கூடாது. அதற்கு பிளைண்ட் டெஸ்ட் என்று பெயர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும்.

"எதுல என்ன இருக்குன்னு சொல்லமாட்டேன்க்கா. சொன்னா டெஸ்ட் கெட்டுடும்."

"சரி லா, பெரிய ராணுவ ரகசியம்," என்று அவரும் விட்டுவிட்டார்.

டெஸ்ட் என்றாலே விற்கக்கூடாது என்பது எனக்குச் சொல்லாமலே விளங்கிய விஷயம். அழுகியதை எறிவது, நல்லதை விற்பது என்பது அவருக்குச் சொல்லாமலே விளங்கிய விஷயம். இரண்டு பேரும் அவரவர் தொழிலை ஒழுங்காகச் செய்திருந்தோம்.

"யாருக்கு வித்தீங்க?"

"லலிதாம்மாவுக்கு. இன்னிக்கு அவங்க பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், தெம்பனிஸ்ல ஒரு மண்டபத்துல. நூத்தியோரு இலை. ஏன் உன் மூஞ்சி இப்படிப் போகுது?"

"அதுல இறால் ஓட்டுல செஞ்ச மருந்து பூசியிருக்குக்கா."

மாலை கட்டிய கை இப்போதுதான் நின்றது. "அடப்பாவி! அவங்க முட்டை போட்ட கேக்கே தொடமாட்டாங்களே!"

3. நூற்றொன்றாவது இலை

டாக்ஸியில் புது வெற்றிலைக் கட்டு அக்காவின் மடியில் இருந்தது. "மருந்து அடிச்ச இலைன்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயே திறக்காத," என்றார். மருந்து என்பது பொய் இல்லையே என்று பாதி தூரம் வரை என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மண்டப வாசலிலேயே லலிதாம்மா வந்துவிட்டார். "செல்வி! இலை என்னமா பளபளன்னு இருக்கு!"

"அது மருந்து அடிச்சதும்மா. மாத்திக் கொடுக்கலாம்னு..."

"அவ்வளவுதானே? கழுவிட்டா போச்சு." தட்டைத் தூக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் நடந்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"கழுவினாலும் முழுசாப் போகாதும்மா," என்றேன். "இறால் ஓட்டுல செஞ்சது. ஆராய்ச்சிக்கு வச்ச இலை. மெல்லலாமா கூடாதான்னு நாங்க இன்னும் பார்க்கல. சொல்லாம விட்டது என் தப்பு."

"சாமி முன்னாடி வச்சாச்சேப்பா!" என்றவர், அடுத்த நொடியே தட்டைத் தொப்பென்று கீழே வைத்தார். "ஐயோ, மாப்பிள்ளைக்கு இறால்னா முகமே வீங்கிடும்!"

எண்ணினோம். நூறு இருந்தது.

மண்டபத்தின் மறுகோடியில் மாப்பிள்ளை நின்றிருந்தார். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் ஓடினோம். "துப்புங்க! துப்புங்க!" என்று மாமியார் ஆகப்போகிறவரே கத்தினால் யார்தான் மறுப்பார்கள்? நீட்டிய கையில் துப்பினார். புதினா மிட்டாய்.

நூற்றொன்றாவது இலை மின்தூக்கி அருகே, பெண்ணின் சித்தப்பாவின் உள்ளங்கையில் இருந்தது. சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மடித்து, வாய்க்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார். செல்வி அக்கா பறித்தார்.

"ஏம்மா புடுங்குற?"

"இந்தாங்க, வேற இலை."

"இது அவ்வளவு பளபளப்பா இல்லையே!" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

தட்டுகளைக் கழுவிப் புது இலை அடுக்கிய பிறகு லலிதாம்மா என்னிடம் வந்தார். "சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி. ஆனா எங்க வீட்டு விசேஷத்துக்கு இனிமே எதையும் கண்டுபிடிக்காதீங்க."

4. நோட்டில் எழுதியது

திங்கட்கிழமை டாக்டர் ரேணுகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதையில் மிட்டாய் வரும்வரை அவர் சிரிக்கவில்லை. பிறகு கடைச் சோதனையை நிறுத்தச் சொன்னார்.

"சி நல்லா இருந்துச்சுன்னு அக்காவே சொன்னாங்க டாக்டர்."

"ஆறாம் நாள் கணக்கை அவங்க குறிச்சாங்களா? இல்லையே. எழுதுங்க: ஆறாம் நாள், இலைகள் இல்லை."

அப்படியே எழுதினேன். ஓர் ஆண்டுக்குப் பதில் ஆறு மாத நீட்டிப்புதான் கிடைத்தது.

நான் கற்றது இதுதான். பிளைண்ட் டெஸ்டில் மறைக்க வேண்டியது எந்தத் தட்டில் என்ன என்பதை மட்டுமே. தட்டுகளில் இருக்கக்கூடியது எதனால் ஆனது, யார் தொடக்கூடாது, விற்கலாமா கூடாதா என்பதெல்லாம் கடைக்காரருக்கு முதலிலேயே தெரிய வேண்டும்.

கைட்டோசானைக் காளானிலிருந்தும் எடுக்கலாம். கடைச் சோதனைக்கு மீண்டும் அனுமதி கிடைத்ததும் அதில் துகள் செய்து, தமிழிலேயே லேபிள் ஒட்டி எடுத்துப் போனேன். செல்வி அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

"காளானா? சரி. அதை எதுல வளர்த்தாங்க?"

"தெரியாதுக்கா."

"அப்ப தெரிஞ்சுட்டு வா."

மூன்று தட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் திரும்பினேன். காளான் பொருள் அனுப்பிய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். வைக்கோலும் கோழி எருவும் என்று பதில் வந்தது. மறுநாள் புது லேபிளில் அதையும் எழுதிக்கொண்டு கிளம்பினேன்.