பாம்புக்குக் கொண்டுபோன முட்டை

அம்மாவின் முழங்கால் வலி வவுணதீவு வைத்தியரின் எண்ணெய்க்குத்தான் கேட்டது. அவர் வளர்க்கும் நாகபாம்புகளின் விஷம் கலந்த எண்ணெய் அது. வாங்கப் போகிறவர்கள் அந்தப் பாம்புகளுக்கென்று ஒரு முட்டை கொண்டுபோவது வழக்கம். அம்மா எங்கள் வீட்டுக் கோழியின் முட்டையில் பெரியதாகப் பார்த்துத் தந்துவிடுவார்.

போன வாரம் வைத்தியர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவி எண்ணெய் ஊற்றும் நேரத்தில், பாம்புகளைப் பார்க்கலாமென்று பின்பக்கம் போனேன். கம்பிக்கூடுகள் திறந்து கிடந்தன. ஒன்றுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"பாம்புகள் எங்க அக்கா?"

"போன வருச வெள்ளத்துக்க செத்துப்போகுமெண்டு அவர்தான் திறந்து விட்டவர். ஒண்டும் திரும்பி வரல்ல."

"அப்ப எண்ணெய்க்கு விஷம்?"

"மற்ற மருந்தெல்லாம் போடுறவர்தானே," என்றவர், என் கையிலிருந்த முட்டையை வாங்கிக் கோழிக்கு அடியில் வைத்தார்.

அம்மா ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கியதே அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான். வைத்தியரைக் கோபிப்பதா கும்பிடுவதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார். "பாம்பு முட்டையத் திண்டிச்சா மனே?"

"ஓம்மா."

"நல்லா இருக்கட்டும் அது," என்று சொல்லி, அடுத்த முட்டையை எடுக்கக் கோழிக்கூட்டின் முன்னால், எதையும் பிடிக்காமல், முழங்காலை மடித்துக் குந்தினார்.