மூக்குக்கண்ணாடியைக் கழற்றியவர்

வரிசையில் முதலில் நான் நின்றேன். எனக்குப் பின்னால் அகதியாகப் படகில் வந்த ஒரு பெடியன். அவனுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஓர் ஆப்கான் பெண். மாணவர் சேர்க்கை மேசைக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தார், நரைத்த மயிரைக் கட்டையாக வெட்டிய யாழ்ப்பாணத்து அம்மா. 2012இல், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், லிட்கம் என்ற புறநகர்ப் பக்கம் ஒரு தொழிற்கல்லூரி.

நான் முதியோர் இல்லமொன்றில் நிலம் துடைத்தேன். பராமரிப்பு வகுப்பு முடித்தால் நல்ல வேலை கிடைக்கும். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கமே கட்டணம் கட்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அவர் என் விசாவைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்கட விசாவுக்கு அந்த உதவி இல்லைப் பிள்ளை. முழுக்காசும் நீங்கள்தான் கட்டவேணும்.”

“கட்ட ஏலுமெண்டா ஏன் அன்ரி இஞ்ச வந்து நிக்கிறன்? வகுப்பு நிரம்பிட்டுதோ?”

“இல்லை.”

“என்ர சம்பளத்தில வரி எடுக்கினம். அதுக்கு மட்டும் இந்த விசா போதுமோ?”

“சட்டம் நான் எழுதேல்லை.”

பெடியனுக்கும் கண்ணாடியைக் கழற்றித்தான் இல்லை என்றார். அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான். எங்கள் முகம் தெரியாமல் இருக்கத்தான் கழற்றினாரோ, இன்றும் எனக்கு விளங்கவில்லை. கோபம் மட்டும் ஆறவில்லை.

வெளியே வரும்போது அந்த வகுப்பின் கதவு திறந்திருந்தது. பாடம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே வெறுமையாகக் கிடந்த கதிரைகள் பதினொன்று.