நோயாளி நான்தான்

நான் அதிகம் பேசமாட்டேன். எங்கள் வீட்டில் அதற்குக் குணம் என்று பெயரில்லை, நோய் என்று பெயர். "ஊமைக்கோட்டானாட்டம் இருக்கான், மலையில எதையோ பாத்துப் பயந்துட்டான்" என்று ஆத்தா என்னைச் சிலமலைப் பூசாரியிடம் இழுத்துப்போய், மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள். அப்போதே எனக்கு மீசை வந்தாயிற்று. பெண் பார்க்கப் போனபோதும் கயிற்றைச் சட்டைக்கைக்குள் மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

அண்ணன் எனக்கு நேரெதிர். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டினான். கூடமாட நானும் போய் ஓட்டப் பழகியிருந்தேன். அவன் தெருமுனையில் சிரித்தால் அடுப்படிக்குக் கேட்கும். "வாய்விட்டுச் சிரிச்சா நோய்விட்டுப் போகும், அவனைப் பாத்துக் கத்துக்கடா" என்பாள் ஆத்தா. நன்றாகவே பார்த்தேன். பேசாதவனுக்கு வேறென்ன சோலி? கதை சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசைவான், தின்னாமல் தட்டை நகர்த்திவிடுவான். சிரிக்க ஒன்றுமில்லாத இடத்திலும் சிரித்தான்.

எழுபதுகளின் கடைசி. ஒரு நாள் காலை, ஆட்களை மேலே இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினான்.

"இந்த எடத்துக்கு வந்தாலே வண்டியப் பள்ளத்துல விட்டுறலாம்னு தோணுது, அப்பு." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நான் இறங்கி அவன் பக்கம் போனேன். "சாவியக் கொண்டாண்ணே" என்றேன். கீழே வரை நான்தான் ஓட்டினேன்.

வீட்டில் சொன்னதும் ஆத்தா பாய்ந்தாள். "அவனுக்கா? கல்லுக்குண்டாட்டம் இருக்கான். ஒனக்குத்தான்டா புத்தி பேதலிச்சுப்போச்சு!" அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, நோயாளி நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

"ஆமாத்தா, எனக்குத்தான் மனசு சரியில்ல. மதுரையில இதுக்கு டாக்டர் இருக்காராம். தனியாப் போகப் பயமா இருக்கு, அண்ணன அனுப்பு."

மறுபேச்சில்லாமல் நம்பினாள். மறுநாளே இருவரையும் பஸ் ஏற்றிவிட்டாள்.

டாக்டருக்கு எதிர் நாற்காலியில் அண்ணனை உட்காரவைத்து, "அந்த வளைவச் சொல்லுண்ணே" என்றேன். வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தான். முடியாமல் உடைந்து அழுதான்.

மருந்துச் சீட்டு அவன் பேரில். ஊருக்கு மட்டும் நோயாளி நான். மெல்ல மெல்ல அவன் பேச்சுக் குறைந்தது, சோறு இறங்கியது. ஆத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒன் நோய் அவனுக்கும் ஒட்டிக்கிச்சேடா!" என்று என்னைத் திட்டிக்கொண்டே புதுக் கயிறோடு வந்து நின்றாள்.

அண்ணன் கையை நீட்டினான்.

"கட்டாத்தா. அது ஒட்டுனதாலதான் உசுரோட இருக்கேன்" என்றான். சிரிக்காமல் சொன்னான்.