ஓலை நிறம் வந்ததும்

என்னோடு பட்டறையில் கத்தி அடிக்கும் காசிமின் மகன் போன் செய்தபோது உலையில் கரி பற்றத் தொடங்கியிருந்தது. "வாப்பா மவுத்தாயிட்டாக மாமா" என்றான். "சரிப்பா" என்றேன். உலையை அணைக்காமலே துக்க வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன் வெட்டுகிற நீங்கள் எல்லோரும் காசிமைத் திட்டியிருக்கிறீர்கள், துருப்பிடிக்கிற கத்தியையே தலையில் கட்டுகிறான் என்று. கீழக்கரை அக்கா ஒருவர் துபாய்க் கத்தியைக் கொண்டுவந்து காட்டி, இதுபோலப் பளபளவென்று செய்யக் கூடாதா என்று சண்டைக்கே வந்தார். காசிம் அசரவில்லை. "இது துருப்பிடிக்காது, சரிதான்க்கா. இத வச்சு நாலு வஞ்சிரத் தலையப் பொளந்து பாருங்க. எங் கத்தியில துருவ எண்ணெய்த் துணி வச்சுத் தேச்சா போயிரும். மழுங்கிப்போன முனைய எதவச்சுத் தேய்ப்பீக?"

பழைய இரும்புக் கடையில் அவனோடு நிற்பது பெரிய அவஸ்தை. லாரி ஸ்பிரிங் பட்டையானாலும் சாணைக்கல்லில் வைத்துப் பார்க்காமல் எடுக்க மாட்டான். கட்டடக் கம்பியில் பொறி நீளமாய் ஓடி அணைந்துவிடும். நல்ல எஃகில் நுனி வெடித்துச் சிதறும். "பூக்கணும் மாப்ள" என்பான். சர்க்கரை அவன் கண்ணை மங்கவைத்த பிறகு, "பூக்குதா?" என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தான்.

பதம் போடுவதும் அப்படித்தான் ஆனது. காய்ச்சி எண்ணெயில் முக்கிய கத்தி கண்ணாடிபோல உடையும். அந்த விறைப்பு தணிய, சூடான தகட்டில் மறுபடி வைக்க வேண்டும். காய்ந்த பனையோலை நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். விட்டால் நீலம் ஏறிக் கத்தி மெத்துப்போகும். நான் "ஓலை" என்பேன், அவன் இடுக்கியால் எடுப்பான். நான் பராக்குப் பார்த்து நீலம் ஏறிவிட்டால் ஒரு வார்த்தை திட்டமாட்டான். "விடு மாப்ள, திரும்பக் காய்ச்சிக்கலாம்" என்பான்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் புண்ணுக்குப் போட்ட கால் கட்டைப் பிரித்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். "என்ன நிறம் மாப்ள?" என்றான். நர்ஸ் என்னைப் பார்த்தார். நிறத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் பொய் சொன்னதில்லை. "நீலம் தட்டிருச்சு மச்சான்" என்றேன்.

"இதத் திரும்பக் காய்ச்ச முடியாதுல்ல" என்றான். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. என்னால் செய்யவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவன் எண்ணெயில் முக்கிவைத்த கத்தி ஒன்று பட்டறையில் கிடந்தது. அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அதைத் தகட்டில் வைத்தேன். மஞ்சள் மெல்லப் படர்ந்தது. "ஓலை" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இடுக்கி எதிர்ப்பக்கம், அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. என் கண்ணெதிரே கத்தி முழுக்க நீலம் ஏறியது.

அந்தக் கத்திதான் என்னிடம் இருக்கிறது. திரும்பக் காய்ச்சலாம். எனக்குத்தான் மனசு வரவில்லை.